படம் இருக்கும், பெயர் இருக்குமா?

தமிழன் வீட்டில் இன்று அரிசிப்பானை நிறைந்திருக்கின்றதோ இல்லையோ, கைப்பேசி நிறைந்திருக்கின்றது. காதணி விழா முதல் கல்லறை அடக்கம் வரை அவன் எடுத்துக் குவிக்காத படமில்லை. ஆயிரம் ஈராயிரம் அல்ல. ஒரு குடும்பத்திலேயே பல்லாயிரம். ஆனால், சென்ற ஆண்டு மறைந்த பாட்டியாரின் ஒளிப்படம் ஒன்றை நினைவேந்தல் மலருக்குத் தருக என்று கேட்டால், அவ்வீட்டார் நான்கு பேரும் நான்கு கைப்பேசியை விரலால் தள்ளித் தள்ளி அரைநாள் தேடுகின்றனர். கிடைத்த படத்தில் பாட்டியாரின் அருகில் நிற்பவர் எவர் என்று கேட்டாலோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். படத்தின் பெயரென்று அங்கிருப்பது மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமே. கோடிப் பொருளைக் குப்பையிற் கொட்டி வைத்துக்கொண்டு கோடீயான் என்று கூறிக்கொள்வது போன்றதே இது.

இக்குப்பையைத் தொகுத்து வைத்தற்கெனவே படத்தொகுப்பு மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினா எழும்போது, தமிழர் பெரும்பாலார் தேர்வதே இல்லை. கைப்பேசியோடு எது வந்ததோ அதுவே அவர்க்குத் தேர்வு. கடைக்காரன் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பாராமலே உண்ணும் பழக்கம் அரசியலில் இருப்பது போதாதென்று, குடும்ப நினைவுகளிலும் புகுந்துவிட்டது.

பிக்காசா என்னும் மென்பொருளை மறந்தார் இலர். 2004-ஆம் ஆண்டு அதனைக் கூகுள் நிறுவனம் விலைக்கு வாங்கிக் கட்டணமின்றி வழங்கியது. எளிதும் விரைவுமான நல்ல கருவிதான் அது, அதில் ஐயமில்லை. பல்லாயிரவர் தத்தம் குடும்பப் படங்களை அதில் அடுக்கினர். முகத்துக்கு முகம் பெயரெழுதினர். 2016 மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனம் அதனைக் கைகழுவியது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிக்காசாவில் படத்தின் அடியில் எழுதிய குறிப்பு, அப்படக்கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டது. ஆகவே பிக்காசா ஒழிந்த பின்னும் அக்குறிப்பு ஒழியவில்லை. முகங்களுக்கு இட்ட பெயர்களோ, இயல்பமைப்பில், பிக்காசாவின் தனிக்கோப்புகளில் வெளியே நின்றன. படத்தினுள் எழுதும் ஏந்து பின்னாளில் வந்தது. அதனைத் திறக்காதவர் எழுதிய பெயர்கள் மென்பொருளோடு அனாதையாயின. ஒரே கருவியில், ஒரே கையால், ஒரே நாளில் எழுதியவற்றுள் ஒன்று பிழைத்தது, ஒன்று மாய்ந்தது. எது எங்கே எழுதப்படுகின்றது என்று முன்னரே கேட்டிருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

ஆப்பிள் நிறுவனத்தார் செய்ததும் இதனின் வேறன்று. 2005-இல் அப்பெர்ச்சர் என்னும் மென்பொருளைக் கொணர்ந்து, தொழின்முறை ஒளிப்படக்கலைஞரிடம் விலைக்கு விற்று, 2014-இல் இனி அதனை வளர்ப்பதில்லை என்று அறிவித்தனர். 2019-இல் வெளிவந்த அவர்தம் கணினி இயங்குதளத்திலிருந்து அது திறப்பதே இல்லை. அடோபி நிறுவனத்தாரின் இலைட்ரூம் 2007-இல் வந்தது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாயிருந்தது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு அம்முறை முடிந்தது. இன்று திங்கள்தோறும் குடிக்கூலி கொடுக்கவேண்டும். தான் எடுத்த படத்தைத் தான் திருத்துதற்குக் குடிக்கூலி! அதிலும், எழுதும் குறிப்புகளைப் படத்தோடு சேர்த்து எழுதுக என்று தனியே ஆணையிட்டாலன்றி, அவையெல்லாம் அம்மென்பொருளின் தரவகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

இனிக் கூகுளின் இன்றைய படக்களஞ்சியத்துக்கு வருவோம். தமிழர் படங்களுட் பெரும்பகுதி குடியிருப்பது அங்கேதான். 2015 மே இறுதியில் அது தொடங்கியபோது, சற்றே சுருக்கிய படங்களை எல்லையின்றி, கட்டணமின்றி ஏற்பதாக உறுதி கூறினர். ஐந்தாண்டு கழித்து, உலகத்தார் படமெல்லாம் உள்ளே போன பின்னர், 2020 நவம்பரில் அவ்வுறுதியை மீட்டுக்கொண்டனர். 2021 சூன் முதல் நாளிலிருந்து, அஞ்சல், கோப்பு, படம் எல்லாம் சேர்ந்து 15 கிகாபைட்டுக்கு மேற்பட்டால் கட்டணம். வலையில் மீன் நிறையுமட்டும் இரை இட்டவன், நிறைந்த பின் இரை இடுவானா? வணிகன் வணிகம் செய்தான். அவனை நோவதிற் பயனில்லை. அறச்சாலை என்று எண்ணி உள்ளே போனவர்களையே நோகவேண்டும்.

கட்டணமாவது கொடுத்துத் தீரும். தீராத செய்தி வேறு. 2023 மே திங்களில் அந்நிறுவனம் ஒரு நெறியை அறிவித்து, அவ்வாண்டு திசம்பர் முதல் செயற்படுத்தலாயிற்று: ஈராண்டு பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை, அவற்றிலுள்ள படங்களோடு அழித்துவிடலாம். ஈராண்டு பயன்படுத்தாதவர் யாவர்? மறந்தவர் சிலர், இறந்தவர் பலர். ஐம்பதாண்டு ஊர்ப்பணி செய்த ஒரு முதியவர் மறைகின்றார். அவர் கடவுச்சொல் அவரோடு போகின்றது. மூன்றாம் ஆண்டு நினைவு நாளில் அவர் படங்களும் இல்லாமற்போகக்கூடும். தமக்குப் பின் இன்னார்க்கு இவற்றைத் தருக என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏந்து அந்நிறுவனத்திலேயே 2013 முதல் உண்டு. நிலத்துக்கு விருப்பாவணம் எழுதும் தமிழர் எத்துணையர்! படத்துக்கு எழுதினவர் எத்துணையர்?

இருக்கும்போதே இழந்தவரும் உளர். அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ நகரில் 2021-இல் ஒரு தந்தை, நோயுற்ற தம் குழந்தையின் உடற்பகுதியை மருத்துவர் கேட்டவாறு படமெடுத்து அனுப்பினார். கூகுளின் பொறி அதனைக் குற்றப்படம் என்று குறித்தது. அவர் கணக்கு முழுதும் மூடப்பட்டது. காவல்துறை ஆய்ந்து குற்றமில்லை என்று கூறிய பின்னும் கணக்குத் திரும்பவில்லை என்று 2022 ஆகத்தில் நியூயார்க்கு தைம்சு நாளிதழ் எழுதியது. அஞ்சலும் படமும் தொலைபேசியெண்ணும் ஒருங்கே போயின. அந்நிறுவனத்தின் நாட்டிலேயே வாழ்ந்தவர்க்கு நேர்ந்தது இது. செங்கற்பட்டிலும் சிவகங்கையிலும் இருப்பவன் முறையிட எந்த வாயிலுக்குப் போவான்?

ஆகவே, எந்த மென்பொருள் அழகியது, எது விரைவானது என்பன பிற்பட்ட வினாக்கள். முற்பட்ட வினா ஒன்றே: எழுதும் பெயர் எங்கே வாழ்கின்றது? படத்தின் உள்ளேயா, வணிகனின் தரவகத்திலா? கூகுள் களஞ்சியத்தில் எழுதிய விளக்கம் படத்தினுள் எழுதப்படுவதில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பெறுவோம் என்று கேட்டால், படம் ஒரு கோப்பாகவும் விளக்கம் வேறொரு சிறு கோப்பாகவும் பிரித்துத் தருவர். பிரிந்த தலையையும் உடலையும் ஒட்டவைக்கும் வேலை பெறுபவனுடையது.

படத்தினுள் எழுதுதற்கு மூன்று வகை அறைகள் உண்டு. தமிழர்க்கு இங்குத்தான் உண்மையான வழக்கு. முதலாவது, சப்பானியர் 1995-இல் வகுத்த எக்சிபு. ஒளிப்படக்கருவியே நாளும் நொடியும் அதில் எழுதிவிடும். ஆனால் அதன் படவிளக்க அறை 128 குறிகளே கொண்ட அசுக்கி முறைக்கென்று வகுக்கப்பட்டது. ஆங்கிலம் நுழையும், தமிழ் நுழையாது. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் உலகமொழிகள் எழுதும் வழி அதில் முறைப்படி திறந்தது. இருபத்தெட்டு ஆண்டு வாயிலில் நின்றிருக்கின்றாள் தமிழன்னை!

இரண்டாவது, செய்தி நிறுவனங்கள் வகுத்த ஐ.பி.டி.சி. பழைய முறை. அதில் ஊர்ப்பெயர்க்கு 32 பைட்டு இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறித் தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். திருவண்ணாமலை என்பது தமிழில் ஏழெழுத்து, ஆங்கிலத்தில் பதினான்கு. ஆங்கிலப் பதினான்கு பதினான்கு பைட்டில் அடங்கும். தமிழ் ஏழோ, உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டுப் பன்னிரண்டு குறியாகி, முப்பத்தாறு பைட்டாகி, அறைக்குள் அடங்காமல் ‘திருவண்ணாம’ என்று வாலறுந்து நிற்கும். குறிச்சொல்லுக்கு 64 பைட்டு. ‘இந்தியெதிர்ப்புப் போராட்டம்’ என்று எழுதினால், 79 பைட்டு வேண்டுவதால், ‘இந்தியெதிர்ப்புப் போரா’ என்னுமளவில் முடிந்துவிடும். போராட்டத்தைப் பாதியில் நிறுத்தப் பலர் முயன்றதுண்டு. பைட்டு வகுத்தவனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான் போலும்.

மூன்றாவது எக்சு.எம்.பி. என்னும் முறை. 2001-இல் அடோபி நிறுவனத்தார் வகுத்தது. 2012-இல் அனைத்துலகச் சீர்தர அமைப்பின் சீர்தரமாயிற்று. இதில் ஒருங்குறியே அடிப்படை. இத்தகைய பைட்டுக் குறுக்கம் இல்லை. நாளும் திங்களும் தெரியாப் பழம்படத்துக்கு ஆண்டை மட்டும் எழுதவும் இடங்கொடுக்கின்றது. வணிகன் வகுத்ததாயினும் நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். தமிழில் பெயரெழுதுவோர் கேட்கவேண்டுவது, இம்மென்பொருள் எக்சு.எம்.பி.யில் எழுதுமா, எழுதியதைப் படிக்குமா என்பதே. விற்பனையாளர் கூறும் மற்றை நூறு சிறப்புகளையும் அதன்பின் கேட்கலாம்.

இனி அகரநிரல். ஒருங்குறியில் 1991-இல் தமிழ் ஏறியபோது, அதன் இடவமைப்பு இந்திய நடுவணரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியமைப்பைப் பின்பற்றியது. அவ்வமைப்போ நாகரி எழுத்தின் அடைவையே எல்லா மொழிக்கும் சட்டையாகத் தைத்தது. அதனால் ‘ன’ பதினெட்டாம் மெய்யென்னும் தன்னிடம் இழந்து ‘ந’வின் அருகே போய் ஒட்டிக்கொண்டது, ‘ற’ ‘ர’வின் பின் நின்றது, ‘ழ’ ‘வ’வுக்கு முன் வந்தது, ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையில் ‘ஜ’ நாற்காலி போட்டு அமர்ந்தது. தொல்காப்பியர் காலம் முதல் மாறாது வந்த நிரலை, கேளாமலே மாற்றி வைத்தனர். புள்ளிக்கும் இதே கதி: உயிர்மெய்க்கு முன் நிற்கவேண்டிய மெய், எல்லா உயிர்மெய்க்கும் பின்னே தள்ளப்பட்டது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள், தமிழ்ப் பெயர்களைத் தாறுமாறாகவே அடுக்கும். தமிழ்க்குரிய அகரநிரல் விதிகள் பின்னர்த் தனியே எழுதப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்தாளும் மென்பொருள் செவ்வனே அடுக்கும். இதனை ஆய்ந்தறிய அறிஞர் குழு வேண்டுவதில்லை. கண்ணகி, கணியன், மயில், மனை என்னும் நான்கு குறிச்சொற்களை எழுதிப் பார்க்க. இந்நிரலிலேயே நின்றால் அம்மென்பொருள் தமிழறியும். கணியன், கண்ணகி, மனை, மயில் என்று நின்றால் அறியாது.

மற்றொரு நுணுக்கமும் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் என இரு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும். அங்கிருந்து படியெடுத்து வந்த ‘கொடியேற்றம்’ என்னும் கோப்பைப் பிறிதொரு கணினியில் தேடினால், கண்முன் இருந்தும் இல்லை என்று சொல்லும் மென்பொருளும் உண்டு. வாங்குமுன் இதையும் எழுதித் தேடிப் பார்த்தல் நன்று.

இவ்விடத்தில் தமிழன்பரையும் ஒரு சொல் கேளாதிருத்தல் முறையன்று. புகைப்படம் என்பதா, நிழற்படம் என்பதா, ஒளிப்படம் என்பதா என்று மூன்று இதழ் நிறையச் சொற்போர் நிகழ்த்துகின்றனர். ஒளியால் வரைவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லுக்கு ஒளிப்படமே பொருந்தும். அதை நிலைநாட்டியதும் நன்றே. ஆனால், அச்சொற்போர் நிகழ்த்தியவரின் கணினியைத் திறந்தால், ஒளிப்படங்கள் என்னும் அழகிய தமிழ்த் தலைப்பின் கீழ், ஒரு படத்துக்கேனும் தமிழிற் பெயரில்லை. பட்டியிலும் பொத்தானிலும் தமிழ் தோன்றிவிட்டால் மென்பொருள் தமிழாகிவிட்டது என்று மகிழ்கின்றனர். பொத்தானில் தமிழ் எழுதுதல் வணிகனுக்கு எளிது. வாயிற்பலகையில் நல்வரவு எழுதுவது போன்றது. வீட்டுக்குள் இருப்பவர் பெயரைத் தமிழில் எழுதவேண்டியவன் வீட்டுக்காரன். பொத்தான் ஆங்கிலத்தில் இருந்து பெயர் தமிழில் இருக்கும் தொகுப்பே, பொத்தான் தமிழில் இருந்து பெயரே இல்லாத தொகுப்பினும் ஆயிரமடங்கு தமிழ்த்தொகுப்பாம்.

பொறியே முகமறிந்து சொல்லும். எழுதுவானேன் என்பாரும் உளர். பொறி இம்முகமும் அம்முகமும் ஒன்று என்று சொல்லும். கடற்கரை என்றால் கடற்கரையைக் காட்டும். மணமேடை என்றால் மணமேடையைக் காட்டும். யார் மணம், எவ்வூர், எந்த மொழிப்போர் ஈகியின் தலைமையில் நடந்த தாலி மறுப்புத் திருமணம் என்று அது சொல்லுமா? சொன்னவர் ஒருவர் முன்னே எழுதினாலன்றிச் சொல்லாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் 1950-களிலிருந்து தென்னாட்டுக் கோயில்களை நூறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து வைத்துள்ளனர். இன்று ஆய்வாளர் அவற்றைத் தேடிச் செல்வது, எவ்வூர், எக்கோயில் என்று குறித்து வைத்ததனால்தான். குறிக்காது குவித்திருந்தால், கல்லும் சுவருமாக நூறாயிரம் தாள்.

பின் எதைத் தேர்வது? கட்டற்ற மென்பொருள்களுள் டிசிகேம் என்பது முதலிற் கருதத்தக்கது. 2001-இல் தொடங்கி இன்றளவும் தன்னார்வலர் வளர்த்து வருகின்றனர். விண்டோசு, ஆப்பிள், இலினக்சு ஆகிய மூவகைக் கணினியிலும் இயங்கும். விலையில்லை, திங்கட்கட்டணமில்லை, மூலநிரல் பொதுவில் இருத்தலால், செய்தவர் கைவிட்டாலும் பிறர் எடுத்து வளர்க்கலாம். முதன்முறை திறக்கும்போதே, எழுதும் செய்திகளைப் படத்தினுள் எழுதவா வேண்டாவா என்று கேட்கும். எழுதுக என்று விடைகூற வேண்டும். முகமறியும் வேலையையும் வெளியார் கணினிக்கு அனுப்பாமல் தன் கணினியிலேயே செய்யும். குறையும் உண்டு. புதியவன் கண்ணுக்கு அதன் பட்டியும் பொத்தானும் காடாகத் தோன்றும். பல்லாயிரம் படங்களை முதன்முறை உள்வாங்கப் பொறுமை வேண்டும். கைப்பேசி மட்டுமே உடையவர்க்கு அது பயன்படாது. ஆயினும் ஊருக்கொருவரேனும் கற்றுக்கொண்டால், ஊர்ப்படங்களைத் தொகுத்துவிடலாம். வீட்டிலேயே ஒரு கணினியைக் களஞ்சியமாக்கி, கைப்பேசிப் படங்களைத் தாமே அங்குச் சேர்க்கும் இம்மிச்சு போன்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. கணினித்துறை இளைஞர் உள்ள வீட்டுக்கே அது பொருந்தும்.

கூகுள் களஞ்சியத்தை அறவே விடுக என்பதில்லை. கைப்பேசி தொலைந்தால் கைகொடுப்பது அது. ஆனால் அஃது ஒரு படியே ஆகுக. ஒரே படி ஆகற்க. மூன்று படி, இருவகை ஊடகம், அவற்றுள் ஒன்று வேற்றிடம் என்னும் நெறி ஒளிப்படக்கலைஞரிடையே பரவியுள்ளது. ஒரே இடத்தில் வைத்தது ஓரிரவில் போகும் என்பதைத் தமிழனுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. 1981 மே கடைசியில் யாழ்ப்பாண நூலகத்துக்கு இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் வெந்தன. வேறு படியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்வரிப்பு முயற்சி, இலங்கைத் தமிழரின் எஞ்சிய எழுத்துகளைப் படியெடுத்துப் பொதுவில் வைத்துவருவது அந்தச் சாம்பலை மறவாமையால்தான்.

புலனம் என்று வழங்கும் வாட்சப்பு குறித்தும் ஒன்று. படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, உள்ளே எழுதிய பெயரையும் நாளையும் உரித்தெடுத்துவிடும். வருந்தி எழுதியவற்றையெல்லாம் அவ்வழி அனுப்பிப் பறிகொடுத்தல் ஆகாது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே போய்ச்சேரும்.

1965-ஆம் ஆண்டு மொழிப்போரின் ஊர்வலப் படங்கள் ஊர்தோறும் சிலர் வீட்டில் இன்னும் உள்ளன. மஞ்சளேறிய தாளில், கருப்புக்கொடி பிடித்து, வரிசை வரிசையாக மாணவர் முகங்கள். பின்புறத்தைத் திருப்பினால் ஒன்றும் எழுதியிராது. அன்று பதினெட்டு அகவையினர் இன்று எண்பதை நெருங்குகின்றனர். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் இன்னார், இன்ன கல்லூரியினர் என்று சொல்லும் வாய் ஊருக்கு ஒன்றோ இரண்டோ எஞ்சியிருக்கும். அப்படங்களை மின்வரித்து, கணினியை அவர் திண்ணைக்கே எடுத்துச் சென்று, பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல முகத்துக்கு முகம் தமிழில் எழுதும் பணிக்கு ஓராண்டும் ஒத்திவைக்க இடமில்லை.